ஊரே நிலத்தை வாங்குவது: ஸ்காட்லாந்தில் எந்த வழி பலன் தருகிறது?

ஸ்காட்லாந்தின் கிராமப்புறத் தனியார் நிலத்தில் ஏறத்தாழ பாதி, 430 பேரளவில் உள்ள உரிமையாளர்களின் கையில் இருக்கிறது என்பது அங்கே அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கணக்கு. தீவுகளிலும் மலைநாட்டிலும் வாழ்பவர்களுக்கு இதன் பொருள் தெளிவானது. வீட்டுமனைக்கும் பட்டறைக்கும் சிறு விடுதிக்கும் எஸ்டேட் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அவர் மறுத்தால் இளைஞர்கள் ஊரைவிட்டுப் போவார்கள், பள்ளி மூடப்படும். ஊர் மக்கள் கூடி நிலத்தையே வாங்கிவிடும் இயக்கம் இந்த நெருக்கடியில்தான் பிறந்தது.

வாங்குவதற்கு வழிகள் மூன்று: விற்பனைக்கு வரும்வரை காத்திருந்து முதல் வாய்ப்பைப் பெறுவது, உரிமையாளர் மறுத்தாலும் சட்டத்தின் துணையோடு வாங்குவது, பேசி வாங்குவது.

முதல் வழி 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் வந்தது. ஊர்ச் சங்கம் தன் விருப்பத்தை அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்கிறது. ஊராரில் பத்தில் ஒரு பங்கினரின் ஆதரவைக் காட்ட வேண்டும். பதிவு ஐந்தாண்டு செல்லும், புதுப்பிக்கலாம். உரிமையாளர் விற்க முடிவு செய்யும்போது ஊருக்கே முதலில் தர வேண்டும். விலையைத் தனி மதிப்பீட்டாளர் சந்தை மதிப்பில் நிர்ணயிப்பார். தொடக்கத்தில் சிற்றூர்களுக்கு மட்டும் இருந்த இந்த உரிமை 2016 முதல் நகரங்களுக்கும் விரிந்தது.

இதன் பலத்துக்கு உல்வா தீவு நல்ல சான்று. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் மல் தீவை ஒட்டிய உல்வாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுநூறு பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். பிறகு நிலக்கிழார் குடிகளை வெளியேற்றினார். 2017இல் தீவு விற்பனைக்கு வந்தபோது அங்கே எஞ்சியிருந்தவர்கள் ஆறே பேர். அக்கம்பக்கத்து ஊர்ச் சங்கம் பதிவு செய்ததால் திறந்த சந்தை விற்பனை நின்றது. ஊர்கள் நிலம் வாங்க உதவும் அரசின் நில நிதியம் தந்த 44 லட்சம் பவுண்டுடன் 2018 ஜூனில் தீவு ஊருக்குச் சொந்தமானது. ஆனால் உரிமையாளர் விற்கவே நினைக்காவிட்டால் பதிவேட்டில் இருக்கும் பெயருக்குப் பயனில்லை. அன்பளிப்பாகக் கைமாறினாலும், ஒரே குழும நிறுவனங்களுக்குள் மாறினாலும் ஊரின் உரிமை எழாது.

இரண்டாம் வழி இந்தக் குறையைப் போக்க வந்தது. கிராஃப்டர்கள் எனப்படும் சிறு குத்தகை உழவர்களின் ஊர்களுக்கு 2003 சட்டமே, உரிமையாளர் மறுத்தாலும் வாங்கும் உரிமையைத் தந்தது. கைவிடப்பட்ட நிலத்துக்கு 2018இலும், நிலைத்த வளர்ச்சிக்குத் தேவைப்படும் நிலத்துக்கு 2020இலும் இதுபோன்ற உரிமை நடைமுறைக்கு வந்தது. பொதுநலன் இருப்பதை அமைச்சர்களிடம் நிறுவ வேண்டும், ஊர் வாக்கெடுப்பில் வெல்ல வேண்டும். தனிநபர் குடியிருக்கும் வீட்டைப் பொதுவாக இப்படி எடுக்க முடியாது. அது நியாயமான வரம்பு.

லூயிஸ் தீவின் பார்க் எஸ்டேட்டில் கிராஃப்டர்கள் இந்த வழியில் இறங்கினார்கள். உரிமையாளர் தரப்பு தன் சார்பு நிறுவனத்துக்கே எழுதிக்கொடுத்த இடைக் குத்தகை ஒன்று குறுக்கே வந்தது, காற்றாலை வருமானம் யாருக்கு என்ற சிக்கல் எழுந்தது. உரிமையாளர் தரப்பு சட்டத்தையே மனித உரிமை அடிப்படையில் எதிர்த்து வழக்காடியது. 2012இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதற்குப் பிறகும் நிலம் ஊரிடம் வர 2015 டிசம்பர் ஆயிற்று. மொத்தத்தில் பத்தாண்டுக்கு மேல்! தன்னார்வத்தில் இயங்கும் ஒரு கிராமத்துக் குழுவிடம் இத்தனை ஆண்டு வழக்கையும் ஆவணங்களையும் சுமக்கச் சொல்வது கொடுமை என்றே எனக்குப் படுகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்க் இறுதியில் கைமாறியது பேச்சுவார்த்தையால், 5 லட்சம் பவுண்டுக்கு. மறுக்க முடியாத நிலையைச் சட்டம் உருவாக்கிய பிறகே பேச்சு நகர்ந்தது.

மூன்றாவதான பேசி வாங்கும் வழிக்குச் சட்டப்பிரிவு எதுவும் வேண்டாம். 1997இல், இந்தச் சட்டங்களுக்கு முன்பே, எக் தீவு 15 லட்சம் பவுண்டுக்கு மக்கள் அறக்கட்டளையிடம் வந்தது. பெரும்பகுதி பணம் நன்கொடையாக வந்தது. 2008இல் காற்று, நீர், சூரிய ஒளி மூன்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் தனி வலையமைப்பைத் தீவினர் தொடங்கினார்கள். தெற்கே, ஆலைகள் மூடிய லாங்ஹோம் ஊரார் பெரும் நில உரிமையாளரான புக்ளூ எஸ்டேட்டிடம் பேசி, 2021இலும் 2022இலும் இரு தவணையாகப் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். நிதி திரட்ட அவகாசம் கிடைத்தது இந்த வழியின் பெரிய நன்மை. உரிமையாளரின் மனம் மாறினால் ஊர் வெறுங்கையோடு நிற்கும் என்பது ஆபத்து.

ஓர் ஊர்ச் சங்கம் என்னிடம் யோசனை கேட்டால், முதலில் பதிவு செய்யுங்கள், அன்றே உரிமையாளருக்கு மரியாதையான கடிதம் எழுதுங்கள் என்பேன். கட்டாயக் கொள்முதலை வேறு வழி அடைபட்ட பிறகே தொடுங்கள். ஆனால் அந்த உரிமையைச் சட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது இல்லாவிட்டால் ஊரோடு பேச உட்கார வேண்டிய தேவையே பல உரிமையாளர்களுக்கு இருக்காது.

மூன்று வழிக்கும் பொதுவான தடை பணம். மரம் நடுவதற்கும், அது உறிஞ்சும் கரியமில வாயுவைக் கணக்கிட்டு விற்கும் கார்பன் கணக்குக்கும் முதலீட்டாளர்கள் மலைநிலத்தை நாடுவதால் விலை ஏறியிருக்கிறது, சந்தை மதிப்பு என்ற விதியோ அப்படியே நிற்கிறது. பல எஸ்டேட்டுகள் விளம்பரமே இல்லாமல் கைமாறுவதும் உண்டு. 2025 நவம்பரில் நிறைவேறிய புதிய சட்டம், ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை விற்குமுன் ஊருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது, தேவைப்பட்டால் பிரித்து விற்கப் பணிக்கும் அதிகாரத்தை அமைச்சர்களுக்குத் தருகிறது. சிறு துண்டுகளாக நிலம் சந்தைக்கு வருமானால், கோடிகளைத் திரட்ட முடியாத ஊர்களுக்கும் முதல் வழி திறக்கும்.