ப்ளூ பீட்டிலா, ஸ்பைடர் வெர்ஸா?

லத்தீன் அமெரிக்கக் குடும்ப சூப்பர்ஹீரோ படம், எதப் பாக்கலாம்னு குழம்புறவங்களுக்கு.

குடும்பம்: ப்ளூ பீட்டில்ல (2023) மெக்சிகன் ரேயஸ் குடும்பம்தான் படமே, பர்கர் டப்பால வந்த வேற்றுகிரக வண்டுக் கருவி ஹீரோ ஹைமே மேல ஏறி ஒட்டும்போது மொத்த வீடும் பக்கத்துல நின்னு கத்துது, அப்புறம் பாட்டி பெரிய துப்பாக்கிய தூக்குது பாருங்க, செம! ஸ்பைடர் வெர்ஸ்ல (2018, ஸ்பைடர்மேன் அனிமேஷன் படம்) ஹீரோ மைல்ஸோட அம்மா போர்ட்டோ ரிக்கோ பூர்வீகம், ஆனா முதல் பாகத்துல அவங்களுக்கு சீன் கம்மி.

கதை: பீட்டில் பழைய ரூட்டு, வில்லி சுமார்.

விஷுவல்: ஸ்பைடர் வெர்ஸ் கிட்டயே நெருங்க முடியாது, ஆஸ்கரே வாங்குச்சு.

நீளம்: ரெண்டும் ரெண்டு மணி நேரம்தான்.

வீட்டோட சிரிச்சு அழணும்னா பீட்டில், தனியா ஹெட்ஃபோன் மாட்டி ரசிக்கணும்னா ஸ்பைடர் வெர்ஸ். எனக்கு பாட்டிக்காகவே பீட்டில்.