புக்கெட்டில் மீன் சாப்பிடப் போகிறீர்களா? பலகையில் 180 என்றால் கிலோ 180 இல்லை

தாய்லாந்துக் கடற்கரை ஊர்களில் மீனை எடை போட்டுச் சமைத்துத் தரும் கடைகளில், பலகையில் எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கானது. அதை அவர்கள் ‘கீட்’ என்பார்கள். பத்து கீட் சேர்ந்தால்தான் ஒரு கிலோ. இது தெரியாமல் உட்கார்ந்து எழுந்ததில் எனக்குப் போனது கிட்டத்தட்டப் பத்தாயிரம் ரூபாய். இத்தனைக்கும் நான் தூத்துக்குடிக்காரன். மீன் விஷயத்தில் ஏமாந்தேன் என்று ஊரில் சொல்ல முடியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

2024 காலாண்டு விடுமுறைக்கு நான், மனைவி, பையன், அம்மா நான்கு பேரும் புக்கெட் போயிருந்தோம். அக்டோபர் தொடக்கம் அங்கே மழைக்காலம், கூட்டம் குறைவு. முந்தின நாள் வரை 200 பாத்துக்கு (தாய்லாந்துப் பணம்) குறைய மாட்டேன் என்ற சிவப்பு டுக்டுக், அன்று ஐம்பதுக்கே வந்தது. “ஃபேமிலி கடை, டூரிஸ்ட் விலை கிடையாது” என்று டிரைவரே ஒரு கடையைச் சொல்லி இறக்கிவிட்டார். ஐம்பதுக்கு ஓட்டுகிறவர் மிச்சத்தை யாரிடம் வாங்குவார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். பசி விடவில்லை.

கடையைப் பார்த்தால் சந்தேகப்படவே தோன்றாது. ஆறே மேஜை. வாசலில் குட்டியாக ஒரு சாமி வீடு, அதன் முன்னால் ஸ்ட்ரா போட்ட சிவப்பு ஃபான்டா. உள்ளே ஒரு பாட்டி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மகன் அடுப்படியில், மருமகள் பரிமாற, ஓரத்து மேஜையில் பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுமி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். “நம்ம வீடு மாதிரியே இருக்குடா” என்றார் அம்மா. தாய் உணவகம் என்ற பெயரையே அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தார், அது தனிக்கதை.

பனிக்கட்டி மேல் மீனைப் பரப்பியிருந்தார்கள், அங்கே இருந்த பலகையில் இறால் 180, கொடுவா 80. ஒரு பாத்துக்கு இரண்டரை ரூபாய் என்று வைத்தால் இறால் 450 ரூபாய். சரி, நம்மூர் விலைதான் என்று மனம் சமாதானமாகிவிட்டது. கொடுவா 200 ரூபாய் என்பதிலாவது உறைத்திருக்க வேண்டும். அந்த விலைக்கு ஊரில் கொடுவாத் தலைகூடக் கிடைக்காது. விலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஏதோ தாய் எழுத்து இருந்தது. அதுதான் ‘கீட்’ என்று பிறகு தெரிந்தது.

இறால் பன்னிரண்டு நானே பொறுக்கினேன். மருமகள் தண்ணீர் சொட்டச் சொட்டப் பிளாஸ்டிக் கூடையோடு தராசில் வைத்தார். முள் ஆடி நிற்பதற்குள் கூடை அடுப்படிக்குப் போய்விட்டது. எழுதிக்கொண்ட சீட்டை எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. நம் சந்தையில் இப்படி ஒரு கூடையை விட்டிருப்பேனா?

சமையலைக் குறை சொல்ல மாட்டேன். எலுமிச்சையும் பூண்டும் போட்டு அவித்த கொடுவா அருமை. வள்ளைக்கீரை வதக்கலைப் பையன் ஒரு கை பார்த்தான்.

அம்மாவுக்குத்தான் அநியாயம் நடந்தது. புரட்டாசி, கவுச்சி தொடமாட்டார். அங்கே சுத்த சைவத்துக்கு ‘ஜே’ என்று பெயர், மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். அந்த வாரமே புக்கெட்டில் ஒன்பது நாள் சைவத் திருவிழா வேறு தொடங்கியிருந்தது, நம் நவராத்திரி தொடங்கிய அதே நாளில். அதனால் மூன்று தடவை ‘ஜே’ என்று அழுத்திச் சொல்லிப் பப்பாளிக்காய் சாலட் கேட்டோம். “ஜே, ஜே, ஓகே” என்று சிரித்தார்கள். வந்த தட்டில் அம்மா முள்கரண்டியால் கிளறி, ஒன்றை நகத்தில் எடுத்துக் காட்டினார். சென்னாக்குன்னி, பொடி இறால் கருவாடு. மீன் சாஸ் வாசனையும் தூக்கலாக வந்தது. தட்டை நகர்த்திவிட்டு வெறுஞ்சோறும் இளநீருமாக முடித்துக்கொண்டார்.

அப்புறம் பில். கிழித்த நோட்டுத்தாளில் கையால் எழுதியது. இறால் 1.2 கிலோ 2,160. கொடுவா 1.1 கிலோ 880. சமையல் கூலி 400. சோறு 160, சாலட் 150, கீரை 180, இளநீர் மூன்று 360. கேட்காமலே மேஜையில் வைத்த ஈரத்துணிப் பாக்கெட் நான்குக்கு 80. அதற்கு மேல் 10 சதவீதம் சர்வீஸ், அதற்கும் மேல் 7 சதவீதம் வாட் வரி. மொத்தம் 5,143 பாத். நான் மனக்கணக்கில் வைத்திருந்தது 1,200.

100 கிராம் விலை என்பதில் வாதாட முடியாது, பலகையில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு இறால் 1.2 கிலோவா? ஒன்று நூறு கிராம் வரும் இறாலா அது? எழுந்து போய் அந்தக் காலிக் கூடையை எடுத்துத் தராசில் வைத்தேன். முள் 400 கிராமில் நின்றது. பாட்டி பூண்டு உரிப்பதை நிறுத்திவிட்டார். மருமகள் மட்டும் அசரவில்லை, மீனை எடை போட்டது வேறு கூடையில் என்றார். அந்த வேறு கூடை எங்கே என்றால் சிரிப்புதான் பதில்.

வாட் விஷயத்தில் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. அந்த நாட்டில் ஆண்டுக்கு 18 லட்சம் பாத்துக்கு மேல் வியாபாரம் செய்கிற கடைதான் வாட் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்த கடை தரும் ரசீதில் 13 இலக்க வரி எண் இருக்கும். நோட்டுத்தாளில் எண் ஏது? போன் மொழிபெயர்ப்பில் அதைக் கேட்டு, கூடவே 1155 என்று திரையில் அடித்துக் காட்டினேன். சுற்றுலாப் போலீஸ் எண். தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். திரும்பி வந்தபோது வாட் இல்லை, சாலட் இல்லை, இறால் கூடையின் 720 பாத்தும் இல்லை. மீன் கூடையின் எடை, சர்வீஸ், ஈரத்துணி எல்லாம் அப்படியே. 3,850 பாத் கொடுத்தேன். பையன் தூக்கக் கலக்கத்தில் இருந்தான், இல்லையென்றால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன்.

போகிறவர்கள், எடை போட்டதும் கால்குலேட்டரை நீட்டி மொத்த விலையை அடிக்கச் சொல்லுங்கள். மீன் அடுப்புக்குப் போவதற்கு முன்னால் அந்த எண்ணைப் போட்டோ எடுங்கள். கூடையைக் கழித்தார்களா என்று பாருங்கள். டிரைவர் சொல்லும் கடை வேண்டவே வேண்டாம். விலைப் புகாருக்கு அந்நாட்டு உள்நாட்டு வணிகத் துறையின் எண் 1569. எனக்கு அது மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் காலை விடுதிக்குப் பக்கத்தில் மஞ்சள் கொடி கட்டிய தள்ளுவண்டி ஒன்று நின்றது. அந்தம்மா நாங்கள் வாயைத் திறப்பதற்குள் கால்குலேட்டரில் 50 என்று தட்டிக் காட்டிவிட்டுத்தான் வாணலியை அடுப்பில் வைத்தார். அம்மா நூடுல்ஸைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இரண்டு தட்டு சாப்பிட்டார்.