வாட்டம் தவறிய புறவாசல்: சிமெண்ட் தளத்துடன் ஆறு ஆண்டுகள்

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் நிலத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், புறவாசலுக்குக் கான்கிரீட் தளம் போடலாமா, பேவர் பிளாக் பதிக்கலாமா என்று சென்ற வாரம் என்னிடம் கேட்டார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. முந்தைய இரவு பெய்த மழையில், எங்கள் புறவாசல் தளத்தில் இந்த ஆண்டு மே மாதம் 6,500 ரூபாய் செலவழித்துச் சரிசெய்த குட்டை, சரிசெய்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளி, சமையலறைப் படிக்கு இன்னும் நெருக்கமாக வந்து மீண்டும் தேங்கி நின்றது. அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னதால் என் பதில் கடுமையாகிவிட்டது. இப்போது சற்று நிதானமாக எழுதுகிறேன். எவ்வளவு நேரம் நிதானம் நிற்கும் என்பது வேறு விஷயம்.

எங்கள் புறவாசல் 20 அடி நீளம், 14 அடி அகலம். 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் நான்கு அங்குலக் கனத்தில், ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற கலவையில் தளம் போட்டோம். அதற்கு முன் மழைக்காலத்தில் துவைக்கிற கல்லுக்குப் போய்வருவதே ஒரு பாடாக இருந்தது. கரிசல் சேறு செருப்பில் அப்பி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு படலம் ஏறி, திரும்பி வரும்போது காலில் செங்கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பது போலிருக்கும். தளம் போட்ட அன்றோடு அது முடிந்தது. மிளகாய் காயப்போடவும், வடகம் பிழியவும், கோடை இரவில் கட்டிலை இழுத்துப் போட்டுப் படுக்கவும் அந்த இடத்தை விட வசதியான இடம் வீட்டில் இல்லை. இவற்றை மறைத்தால் நான் நியாயமாக எழுதியவன் ஆகமாட்டேன்.

குறைகள் முதல் ஆண்டிலேயே தொடங்கிவிட்டன. அவற்றுள் பலவும் தீர்க்கக்கூடியவையே என்பதால் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இருபதடி நீளத்தளத்தை இடையில் பிரிக்காமல் ஒரே பலகையாக ஊற்றினோம். நான்கு அங்குலத் தளத்துக்கு எட்டு முதல் பத்தடிக்கு ஒருமுறை, ஓர் அங்குல ஆழத்தில் கோடு வெட்டிவிட வேண்டும். காயும்போது சுருங்கும் கான்கிரீட் அந்தக் கோட்டில் ஒழுங்காக விரிசல் விடும். நாங்கள் வெட்டாத கோட்டைத் தளமே இரண்டாம் மாதத்தில் தனக்குத் தோன்றிய வழியில் வெட்டிக்கொண்டது. துவைக்கிற கல்லின் சதுர மேடையை ஒட்டிய உள்மூலையிலிருந்து இன்னொரு விரிசல் கோணலாகக் கிளம்பியது. அத்தகைய மூலைகளில் இழுவிசை குவிவதால் விரிசல் அங்கேதான் முதலில் வரும் என்பதைப் பின்னர் அறிந்தேன். இரண்டையும் அகலப்படுத்தி, தூசி ஊதி, பாலியூரித்தேன் சீலண்ட் அடைத்தேன். தளம் அசைந்தாலும் நீண்டு கொடுக்கும் அந்தப் பொருள் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. சிமெண்டைக் குழைத்து விரிசலில் தேய்ப்பது வீண் வேலை. அடுத்த வெயிலிலேயே அதன் ஓரத்தில் மயிரிழை தெரியும்.

மேற்பரப்பு உதிர்ந்து பெருக்கும்போதெல்லாம் சாம்பல்நிறத் தூசி வந்ததற்குக் காரணம், கலவையில் தண்ணீர் அதிகமாகி மேலே நீர் கசிந்து நின்றபோதே வறண்ட சிமெண்டைத் தூவித் தேய்த்ததுதான். அதோடு, கத்திரி வெயிலில் போட்ட தளத்துக்கு மூன்றே நாள் தண்ணீர் விட்டு நனைத்தோம். நாங்கள் வாங்கியது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், அதற்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் காக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456 சொல்கிறது. மேற்பரப்பை இறுக்கும் சிலிகேட் கரைசலை இருமுறை பூசிய பிறகு தூசி பெருமளவு அடங்கியது. உப்புப் பூத்த வெள்ளைத் திட்டுகளை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தால் போதும். குளியலறைக்கு வைத்திருக்கும் அமிலத்தை ஊற்றினால் உப்போடு தளத்தின் தோலும் போய்விடும். பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் போதுமானது, ஆனால் வழுவழுப்பாகத் தேய்க்காமல் ஈரத்திலேயே ஈர்க்கு விளக்குமாற்றால் கோடிழுத்திருந்தால் வழுக்கும் பேச்சே எழுந்திருக்காது.

இனி குட்டைக்கு வருகிறேன். அது ஒரு முறத்தளவு இருக்கும். ஆழம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த அற்ப நீர் ஆறு ஆண்டுகளில் என்னைப் படுத்தியதைப் போல வீட்டில் வேறெதுவும் படுத்தவில்லை. மழை நின்று மூன்று மணி நேரம் கழித்தும் அது நிற்கும். காலையில் அவசரமாக இறங்கும் கால் அதில்தான் விழும். இரண்டு நாள் நின்றால் விளிம்பில் பச்சை படியும்.

தளம் ஊற்றிய அன்று வாட்டத்தைப் பற்றி, அதாவது தண்ணீர் வடிவதற்கான சரிவைப் பற்றி, நான் கேட்கத்தான் செய்தேன். "கண்மட்டத்துல பாத்தாச்சு அண்ணாச்சி, தண்ணி தன்னால ஓடிரும்" என்றார் கொத்தனார். தண்ணீர் தன்னால் ஓடுவதற்கு அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு இருப்பது நல்லது. பதினான்கு அடிக்கு மூன்றரை அங்குலம். பின்னாளில் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் வைத்து அளந்தபோது எங்களுடையது ஒன்றேகால் அங்குலம்தான் இருந்தது. கண்மட்டத்தை நம்பியவன் நான் என்பதால் கொத்தனாரை முழுதாகத் திட்டவும் முடியவில்லை. ஆனாலும் நான்கு ஆண்டுகள் மனத்துக்குள் திட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

2021-இல் பள்ளத்தின் மேல் சாதாரணச் சிமெண்ட் சாந்தை அரை அங்குலம் பூசினோம். ஆறு மாதத்தில் தட்டிப்பார்த்தால் பொள்ளல் ஓசை கேட்டது. அடுத்த கோடையில் அப்பளம் போலப் பெயர்ந்து வந்தது. பழைய தளத்தில் பற்றுவதற்கான ஏற்பாடு எதுவுமின்றி மெல்லியதாகப் பூசும் சாந்துக்கு அதுவே கதி. இந்த மே மாதம் செய்தது முறையான வேலை. பள்ளத்தைச் சுற்றி ஓர் அகலமான பகுதியைக் கொத்தி முரடாக்கி, கழுவி, ஈரம் வைத்து, பிணைப்புக் கரைசலை முதலில் தேய்த்து, அது காய்வதற்குள் லேடெக்ஸ் கலந்த சாந்தை இட்டு, முழக்கட்டையால் வாட்டம் பிடித்து, ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு வைத்தோம். பிறகு பத்து வாளித் தண்ணீரை ஊற்றிச் சோதித்தோம். ஒரு துளி நிற்கவில்லை. எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி மழை இரண்டு வாரம் பெய்ததும் குட்டை திரும்பியது. இம்முறை கோபத்தைச் சற்று அடக்கி, அதே தண்ணீர்க் குழாயை மீண்டும் வைத்து அளந்தேன். மே மாதத்தில் ஒன்றேகால் அங்குலம் தாழ்ந்திருந்த வெளிவிளிம்பு, இப்போது அரை அங்குலம்கூடத் தாழ்ந்திருக்கவில்லை. கரிசல் மண் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் பிளக்கும். தளத்தின் நடுப்பகுதிக்கடியில் ஈரம் அவ்வளவாக மாறுவதில்லை. விளிம்புக்கடியில் மழை நேராக இறங்குகிறது. ஆகவே மழைக்காலத்தில் விளிம்பு உயர்ந்து தளமே தாம்பாளம் போலாகிறது. கோடையில் விளிம்பு தாழ்ந்து எல்லாம் நேராகத் தெரிகிறது. நான் கோடையில் வாட்டம் பிடித்து, கோடையில் சோதித்து, கோடையிலேயே மகிழ்ந்திருக்கிறேன்.

இதில் எனக்கு மிகவும் கசந்த உண்மை ஒன்றுண்டு. விளிம்பு அதிகம் உயர்ந்திருந்த இடம், நான் வாழை வைத்திருக்கும் இடம். துவைத்த நீரை வீணாக்கக் கூடாது என்று தளத்தின் ஓரத்திலேயே பாத்தி கட்டி, ஆறு ஆண்டுகளாக அந்த மண்ணுக்கு ஓயாமல் தண்ணீர் ஊட்டி வந்தவன் நானே. கொத்தனார் ஒன்றேகால் அங்குலம் வைத்தார். அதில் முக்கால் அங்குலத்துக்கு மேல் திருப்பி எடுத்துக்கொண்டது என் வாழைப்பாத்தி. தொடக்கத்திலேயே கரிசலை ஓரிரு அடி ஆழத்துக்கு அகற்றி, வீங்காத கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டி நனைத்து இடித்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. அந்தச் செலவு வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் கான்கிரீட்டுக்கே வெற்றி. விரிசல் அடைபட்டது, தூசி அடங்கியது, சேறு ஒழிந்தது, இருபதடி முழுதும் பெருக்கித் துடைக்க எளிது. இருந்தும் நண்பரிடம், கான்கிரீட் போடாதீர்கள், பேவர் பிளாக்கே பதியுங்கள் என்று சொன்னேன். கரிசலில் அதுவும் அலையலையாக ஏறி இறங்கத்தான் செய்யும். ஆனால் ஏறிய இடத்தில் பத்துக் கல்லைப் பெயர்த்து, அடியிலிருக்கும் மணலைச் சரிசெய்து, அதே கற்களை மறுபடி பதித்துவிடலாம். என் தளத்தில் அப்படிப் பெயர்க்க எதுவுமில்லை. பேவர் இடுக்கில் சிக்கும் மிளகாய் விதையை யார் பொறுக்குவது என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்டார். நண்பர் அதைக் கேட்டுவிட்டு யோசிக்கத் தொடங்கினார். நான் பதில் சொல்லவில்லை.

வாழையை அகற்றி, விளிம்பிலிருந்து ஆறடிக்கு அப்பால் பாத்தியை மாற்றி, மழைநீர் அங்கே தேங்காதபடி ஒரு வாய்க்கால் கட்டிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஆனால் வாழை இப்போதுதான் குலை தள்ளியிருக்கிறது. தை வரைக்குமாவது அதன் மேல் கைவைக்கக் கூடாது என்பது வீட்டின் தீர்ப்பு. ஆகவே இந்த மழைக்காலம் முடியும்வரை குட்டை அங்கேதான் இருக்கும்.