ஆர்டரின்பேரில் மாதிரி ரயில் லேஅவுட் செய்து தருவதாகச் சொல்பவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் படியுங்கள்

சுவரோரத் தட்டின்மேல் அடங்கிவிடும் சிறிய மாதிரி ரயில் லேஅவுட்டை (தண்டவாளமும் காட்சியமைப்பும் கொண்ட பலகையை) ஆர்டரின்பேரில் செய்து கொடுப்பதாக விளம்பரம் செய்யும் ஒருவரிடம் பணம் கொடுத்து நான் ஏமாற்றப்பட்டேன். புகார் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் கையாண்ட முறைகளை விரிவாக எழுதியே ஆக வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு நேரில் பார்த்து வாங்கக் கடைகள் மிகக் குறைவு. படத்தையும் பேச்சையும் நம்பித்தான் பெரும்பாலானவர்கள் பணம் அனுப்புகிறார்கள்.

நான் கேட்டது பெரிய அமைப்பு அல்ல. நீளம் 6 அடி, அகலம் 1 அடி, ஹெச்.ஓ. அளவு, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. பாதைக்கு ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ் மாடலர் வகுத்த ‘இங்கிள்நூக் சைடிங்ஸ்’ திட்டத்தைக் கொடுத்தேன். அதில் ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயின்ட்டுகள் இரண்டு, வேகன்களை நிறுத்தும் கிளைத் தடங்களான சைடிங்குகள் மூன்று. ஒன்றில் ஐந்து வேகன்களும் மற்ற இரண்டில் மும்மூன்று வேகன்களும் நிற்கும். எட்டு வேகன்களில் குலுக்கலில் வந்த ஐந்தை, வந்த வரிசை மாறாமல் கோத்து ஒரு ரயிலாக்குவதுதான் ஆட்டம். எட்டிலிருந்து ஐந்தை வரிசைப்படுத்த 6,720 வழிகள் இருப்பதால், இத்தனை சிறிய தட்டிலும் ஷண்டிங், அதாவது வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்திப் பிரித்துக் கோப்பது, அலுப்பதில்லை. காட்சிக்குத் தென்னக ரயில்வேயின் ஒரு சிற்றூர் கூட்ஸ் ஷெட்டைக் கேட்டேன்: செம்மண் தரை, வேலியோரம் சீமைக்கருவேலம், ஓடு வேய்ந்த ஷெட், மஞ்சள் பெயர்ப்பலகை.

இவையெல்லாம் அளவுகளுடன் வரைபடமாக அவரிடம் போயின. அவர் அனுப்பிய விலைப்பட்டியலிலும் பொருள்களின் தரம் வரி வரியாக எழுதப்பட்டிருந்தது: நிக்கல் சில்வர் தண்டவாளம், மின்சாரம் பாயும் ஃப்ராக் (இரு தண்டவாளங்கள் குறுக்கிடும் கூர்முனை) கொண்ட பாயின்ட்டுகள், ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மின்சாரம் கொண்டுசெல்லும் தனி ஃபீடர் வயர், ஈரம் தாங்கும் ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட். அந்தப் பட்டியலை ஒப்புக்கொண்ட பிறகுதான் 70 விழுக்காடு முன்பணம் சென்றது. எனவே இது இரு தரப்புக்கும் இடையில் ஏற்பட்ட புரிதல் பிழை அன்று. எழுதிக் கொடுத்ததற்கு மாறான பொருளைத் தெரிந்தே அனுப்பிய செயல்.

முதல் குறை, இந்தத் திட்டத்தின் உயிர்நாடியிலேயே இருந்தது. இங்கிள்நூக்கில் சைடிங்குகளுக்கு எதிர்ப்புறம் நீளும் ஷண்டிங் லைன், எஞ்சினும் மூன்று வேகன்களும் நிற்கும் நீளத்துக்கு இருந்தாக வேண்டும். என்னுடைய டீசல் ஷண்டர் எஞ்சின் ஏறத்தாழ 12 செ.மீ., நாலு சக்கர வேகன் ஒன்று ஏறத்தாழ 10 செ.மீ.; ஆகவே வரைபடத்தில் 45 செ.மீ. என்று குறித்திருந்தேன். வந்த பலகையில் அது 36 செ.மீ. மட்டுமே இருந்தது. மூன்று வேகன்களை இழுத்துக்கொண்டு போனால் எஞ்சின் முட்டுத்தடையைத் தொட்டுவிடும். கடைசி வேகனோ இன்னும் பாயின்ட்டின் மேலேயே நிற்கும். பாயின்ட்டை மாற்ற முடியாது. அந்த 9 செ.மீ. எங்கே போயிற்று என்று கேட்டபோது, காட்சிக்கு அழகாக இருக்கும் என்று ஓர் ஓரத்தில் சிறு குன்று வைத்ததாகப் பதில் வந்தது. குன்றைப் பற்றி வரைபடத்தில் ஒரு கோடுகூட இல்லை. லேஅவுட் என்பது பார்ப்பதற்கு மட்டும் அல்ல, இயக்குவதற்கும்தான் என்று அறிந்த எவரும் இந்த இடத்தில் கை வைக்க மாட்டார்கள்.

அடுத்தது தண்டவாளம். நிக்கல் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம்; அதில் காந்தம் ஒட்டாது. எனக்கு வந்த தண்டவாளத்தின் அருகே குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோனதும் சட்டென்று ஒட்டிக்கொண்டது. அது எஃகு. கடற்காற்று வீசும் ஊரில் எஃகுத் தண்டவாளம் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முதல் மழைக்காலத்திலேயே இணைப்புகளைச் சுற்றிப் பழுப்புத் துரு படிந்தது. துடைத்தால் ஓடும், விட்டால் நின்றுவிடும் என்ற நிலையில், ஓட்டும் நேரத்தைவிடத் துடைக்கும் நேரமே அதிகமாயிற்று. ஒரு ரூபாய் செலவில்லாத இந்தக் காந்தச் சோதனையை, பழைய தண்டவாளம் வாங்குகிறவர்களும் செய்துகொள்ளலாம்.

பாயின்ட்டுகளில் ஃப்ராக் பிளாஸ்டிக்கால் ஆனதாக இருந்தது. பல பெட்டிகளை இழுத்து வேகமாகச் செல்லும் நீண்ட எஞ்சினுக்கு அது பொருட்டன்று. ஆறு சக்கரமுள்ள குட்டி ஷண்டரோ, ஊர்ந்து செல்லும் வேகத்தில் மின்சாரமற்ற அந்தச் சிறு இடைவெளியில் நின்றுவிடுகிறது. விரலால் தள்ளினால்தான் மறுபடி நகர்கிறது. ஷண்டிங் லேஅவுட்டில் எல்லா ஓட்டமும் ஊர்ந்து செல்லும் ஓட்டமே என்பதால், இது ஒதுக்கித்தள்ளக்கூடிய குறை அன்று. மின்சாரம் பாயும் ஃப்ராக்குக்கு, பாயின்ட் திரும்பும்போது துருவத்தையும் மாற்றித் தரும் ஒரு சிறு சுவிட்ச் வேண்டும். அந்தச் சுவிட்சுக்கும் என்னிடம் பணம் வாங்கியிருந்தார். பலகையின் அடியில் சுவிட்ச் இருந்தது, அதிலிருந்து புறப்பட்ட வயர் எங்கும் போய்ச் சேரவில்லை. பற்றவைக்கப்படாத அதன் நுனி, டேப்பால் சுற்றி மரச்சட்டத்தில் ஒட்டப்பட்டிருந்ததைப் பார்த்தபோதுதான், இதை அவசரத்தில் விட்டுப்போன வேலை என்று எண்ண இடமில்லை என்று தெரிந்தது. மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது என்று கணக்கிட்டுச் செய்யப்பட்ட ஏமாற்று அது.

ஃபீடர் வயர்களின் கதையும் அதுவே. முழுத் தடத்துக்கும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இணைப்புக் கொடுக்கப்பட்டிருந்தது. மற்ற துண்டுகளுக்கு மின்சாரம், தண்டவாளங்களைக் கோக்கும் மெல்லிய தகட்டு இணைப்பான்கள் வழியாகவே போக வேண்டும். தடத்துக்கு மின்சாரம் தரும் கன்ட்ரோலரின் அருகில் 12 வோல்ட் காட்டிய மல்டிமீட்டர், எஞ்சின் ஓடும்போது கடைசி சைடிங்கின் முனையில் 9-க்கும் கீழே காட்டியது.

பிளைவுட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றவற்றைப் பழுதுபார்த்துவிடலாம், இதைப் பழுதுபார்க்க முடியாது. ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண். பொது உபயோகப் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303. தகட்டின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். எனக்கு வந்த பலகையின் அடிப்புறம் முழுவதும் கருப்புப் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது. சுரண்டிப் பார்த்தும் முத்திரை எங்கும் தென்படவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் பலகையின் நடுப்பகுதி தொய்ந்து போயிற்று. நேர்கோலை நீளவாக்கில் வைத்தால், நடுவில் ஒரு பென்சில் தாராளமாக நுழைந்து வந்தது. அந்தச் சரிவில் வேகன்கள் தாமாகவே உருளும். கழற்றிவிட்ட வேகன் நிறுத்திய இடத்தில் நிற்காவிட்டால் ஷண்டிங் என்பதே இல்லை.

காட்சியமைப்பில் அவர் காட்டிய அலட்சியம் என்னை வேறு விதமாகப் புண்படுத்தியது. சீமைக்கருவேலம் கேட்ட இடத்தில், பனிமலைப் பிரதேசத்துக்கு உரிய கூம்பு வடிவ ஊசியிலை மரங்கள் நடப்பட்டிருந்தன. தமிழ்நாட்டு ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் மஞ்சள் பின்னணியில் கருப்பு எழுத்தில் தமிழ் முதலில் இருக்கும்; கடல் மட்டத்திலிருந்து உயரமும் குறிக்கப்பட்டிருக்கும். அவர் ஒட்டிய பலகையில் தமிழ் கடைசியாக இருந்தது. ஊர்ப் பெயரில் வந்த ‘கோ’ என்ற எழுத்து, கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமுமாகச் சிதறி, நடுவே ஒரு புள்ளிவட்டத்தோடு அச்சாகியிருந்தது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு நொடி பார்த்திருந்தாலும் இது வெளியே வந்திருக்காது. ஜல்லியை ஃபெவிகால் கரைசலால் ஒட்டும்போது பாயின்ட்டின் அசையும் நாக்குகளுக்குள் பசை இறங்காமல் காப்பது இந்த வேலையின் அரிச்சுவடி. அவருடைய இரண்டு பாயின்ட்டுகளில் ஒன்று பசையில் இறுகிப்போய், ஒரே திசையில் நிலைத்துவிட்டது.

இத்தனைக்கும் அவர் முதலில் காட்டிய படங்கள் மிக நேர்த்தியானவை. பொருள் வந்த பிறகு அந்தப் படங்களைக் கூகுள் லென்ஸில் இட்டுத் தேடியபோது, அவை வெளிநாட்டு மாடலர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட, அவருடைய சொந்த லேஅவுட்டின் படங்கள் என்று தெரிந்தது. ஓரத்தில் இருந்த பெயர் மட்டும் வெட்டி நீக்கப்பட்டிருந்தது. விளம்பரத்தில் இருந்த இன்னொரு கூற்றையும் சொல்ல வேண்டும்: கூடுதல் கட்டணம் கொடுத்தால் இந்திய அகலப்பாதையை ‘அச்சு அசல் அளவில்’ அமைத்துத் தருவாராம். நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தடம், உலகின் பல நாடுகளில் உள்ள 1,435 மி.மீ. பாதைக்கு உரியது. இந்திய வண்டிகளையும் அதிலேயே ஓட்டுவது எல்லோரும் ஏற்றுக்கொண்ட சமரசம். அதில் குற்றம் இல்லை. ஆனால் அதே 16.5 மி.மீ. தடத்தைப் பொருத்திவிட்டு அசல் அளவு என்று பணம் கேட்பது மோசடி. உண்மையான அசல் அளவு வேண்டுமென்றால் தடத்தோடு எஞ்சினின் சக்கரங்கள், அச்சுகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இதில் மறைக்க எதுவும் இல்லை.

யாரிடம் ஆர்டர் கொடுத்தாலும், பணத்தை வேலையின் கட்டங்களோடு பிணைத்துக் கொடுங்கள். பலகையும் சட்டமும் முடிந்ததும் முத்திரை தெரியும்படி படம். வயரிங் முடிந்ததும், பெயின்ட் அடிப்பதற்கு முன், அடிப்புறத்தின் வீடியோ. ஜல்லி ஒட்டுவதற்கு முன், உங்கள் எஞ்சினைப் போன்ற சிறிய எஞ்சின் ஒன்று மிகக் குறைந்த வேகத்தில் ஒவ்வொரு பாயின்ட்டையும் இரு திசையிலும், இரு வழியிலும் நிற்காமல் கடக்கும் வீடியோ. நேர்மையாக வேலை செய்பவருக்கு இவை சுமையே அல்ல; நான் பிறகு தொடர்புகொண்ட ஒரு தச்சரும் ஒரு மாடலரும் கேட்காமலேயே இவற்றை அனுப்பினார்கள். என்னை ஏமாற்றியவர், நேரலை வீடியோ கேட்ட ஒவ்வொரு முறையும் பட்டறையில் இணையம் இல்லை என்றார்.

பொருள் வந்ததும், பெட்டியைப் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுத்து வையுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்வது நல்லது. பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் மறைந்துவிட்டால், தாமதிக்காமல் இணையவழி நிதி மோசடிக்கான உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

நான் அனுப்பிய நோட்டீஸுக்கு அவர் தந்த ஒரே பதில், இது கைவேலை என்பதால் திருப்பி எடுப்பதில்லை என்பது. அவருடைய விளம்பரம் இப்போது வேறு பெயரில் வருகிறது. படங்கள் மாறவில்லை: ஓடு வேய்ந்த ஷெட், இடப்பக்கம் நீல நிறத் தண்ணீர்த் தொட்டி, கீழ் ஓரம் வெட்டப்பட்ட தடயம். 70 விழுக்காடு முன்பணம், சில நாள்களுக்கு மட்டும் தள்ளுபடி விலை, நேரலை வீடியோவுக்கு மறுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், அது அவராகவே இருக்கலாம், பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியவர்கள் விலைப்பட்டியலையும் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.