லூயிவில் ஸ்லக்கர்: மட்டை பிறந்த இடமும் பீட் பிரவுனிங்கும்

என் அப்பா கடைசல் பட்டறை வைத்திருந்தவர். கட்டில் கால், தொட்டில் கம்பு, பூரிக்கட்டை என்று பலதும் அவர் உளிபட்டு உருண்டு வந்திருக்கின்றன. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ‘லூயிவில் ஸ்லக்கர்’ என்ற பேஸ்பால் மட்டை கடையும் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கலாம் என்று தெரிந்ததும் வேறெதையும் யோசிக்கவில்லை.

வாசலில் 120 அடி உயர இரும்பு மட்டை கட்டிடத்தின்மேல் சாய்ந்து நிற்கிறது. உள்ளே மரத்தூள் வாசனை. மேப்பிள், பிர்ச், ஆஷ் கட்டைகளை எந்திரம் ஒரு நிமிடத்துக்குள் மட்டையாக்கிவிடுகிறது. அப்பாவுக்கு அரை நாள் வேலை!

ஆனால் மனதில் தங்கியவர் பழைய பேஸ்பால் ஆட்டக்காரர் பீட் பிரவுனிங். இந்த ஊரிலேயே 1861இல் பிறந்து, 1882இலிருந்து இந்த ஊர் அணிக்கே ஆடியவர். எல்லைப் பக்கம் நின்று பந்து பிடிக்கும் அவுட்ஃபீல்டர். பந்து பிடிப்பதில் கெட்டிக்காரர் என்று யாரும் சொல்லவில்லை, அடிப்பதில் சூரர். 1884இல் அவர் மட்டை உடைந்ததாம். ஆட்டம் பார்க்க வந்திருந்த தச்சுப் பட்டறைக்காரர் மகன் பட் ஹில்லரிக், 17 வயதுப் பையன், பட்டறைக்குக் கூட்டிப்போய்ப் புதிதாக ஒன்று கடைந்து கொடுத்தான். மறுநாள் மூன்று ஹிட் (அவுட்டாகாமல் ஓடிச் சேர வைக்கும் அடி). படிக்கட்டுக் கைப்பிடியும் வெண்ணெய் கடையும் கருவியும் செய்துகொண்டிருந்த குடும்பம் மட்டைத் தொழிலுக்குத் திரும்பிய கதையை இங்கே இப்படித்தான் சொல்கிறார்கள்.

சின்ன வயதிலேயே காதுக்குப் பின்னால் எலும்பில் சீழ் பிடித்து பிரவுனிங்குக்குச் செவி மந்தமாகிவிட்டது. பள்ளிப் படிப்பு நின்றது. வலியை மறக்கக் குடித்தார். அப்படி இருந்தும் மூன்று முறை லீக்கின் முதல் பேட்ஸ்மேன், வாழ்நாள் சராசரி .341. அதாவது ஆயிரம் தடவைக்கு 341 ஹிட். மட்டைகளுக்குப் பைபிள் பெயர் வைத்து அவற்றோடு பேசுவாராம். எனக்கு அது விநோதமாகப் படவில்லை. அப்பாவும் உளியோடு பேசுவார்.

இத்தனைக்கும் சிறந்த பேஸ்பால் ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தில் அவருக்கு இன்னும் இடமில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகத் தெரிகிறது.

பேஸ்பால் தெரியாதவர்களும் தாராளமாகப் போகலாம். பழைய ஆட்டக்காரர்கள் பிடித்த மட்டையை நாமும் கையில் பிடித்துப் பார்க்கலாம். கிளம்பும்போது ஒரு குட்டி மட்டை இலவசம். நேரமிருந்தால் அதே ஊரில் கேவ் ஹில் இடுகாட்டுக்கும் போங்கள். 1905இல் பிரவுனிங்கை அங்கே புதைத்தபோது கல்லில் பெயரைத் தப்பாகச் செதுக்கியிருந்தார்கள். 1984இல் வைத்த புதுக் கல்லில் சரியாக இருக்கிறது.