மாமா சொன்ன ஸ்விட்ச் 2, கைக்கு வந்த ஸ்விட்ச் 2

ஜப்பானிய கேம் கம்பெனியான நின்டெண்டோவின் ரசிகர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மாமா உண்டு. "எங்க மாமா நின்டெண்டோவுலதான் வேலை பாக்குறாரு, அடுத்த மரியோ கேம் என்னன்னு அவரே சொன்னாரு" என்று பள்ளிக்கூடத்தில் எவனோ அடித்துவிட்ட கதையில் பிறந்தவர் அவர். உலகம் பூராவும் இந்தக் கேலி ஓடுகிறது. அந்தக் கம்பெனியின் புது கேம் கன்சோலான ஸ்விட்ச் 2 வருவதற்கு முந்தைய நாலு வருஷம் நான் அந்த மாமாவின் தீவிர சீடன். ராத்திரி படுக்கப் போகுமுன் புதுசாக என்ன லீக் வந்திருக்கிறது என்று ஒரு தடவை பார்க்காவிட்டால் தூக்கம் பிடிக்காது. இப்போது பெட்டி கையில் இருக்கிறது. ஐந்தாறு மாசமாக டிவியிலும் ரயிலிலும் கட்டிலிலும் ஆடிப் பார்த்தாயிற்று. அதனால் என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது என்பதை ஒத்துப் பார்த்தே இந்த ரிவ்யூவை எழுதுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பற்றிக் கிளம்பின வதந்தி கிட்டத்தட்ட அத்தனையும் பலித்தது. கேம் பட்டியலைப் பற்றிக் கிளம்பினதில் பெரும்பாலும் புளுகு, மிச்சம் ஆசை. பெட்டி அருமை. பட்டியல் இப்போதுதான் நிரம்ப ஆரம்பித்திருக்கிறது.

2021-ல் "ஸ்விட்ச் ப்ரோ" என்று ஒரு பேச்சு கிளம்பியது ஞாபகம் இருக்கும். சாம்சங் செய்யும் 7 அங்குல ஓலெட் திரை, டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்தால் 4கே என்று ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனமே எழுதியது. அந்த வருஷம் அக்டோபரில் ஓலெட் திரையோடு ஒரு ஸ்விட்ச் வந்தது, 4கே வரவில்லை. பாதிதான் பலித்தது என்று எல்லாரும் சிரித்தோம். 2022-ன் தொடக்கத்தில் ஸ்விட்சுக்குச் சிப் செய்யும் என்விடியா நிறுவனத்துக்குள் ஹேக்கர்கள் புகுந்து கோப்புகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் அடுத்த ஸ்விட்சுக்கான என்விஎன்2 என்ற கிராஃபிக்ஸ் மென்பொருளின் பெயரும் டி239 என்ற சிப்பும் கிடந்தன. அப்புறம் ஒரு கூட்டம் நாள் முழுக்க அதைத்தான் நோண்டிக்கொண்டிருந்தது. 2024-ல் சரக்குச் சுங்கப் பதிவுகளைத் தோண்டிய ரசிகர்கள் 12 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்பு என்று கணக்கே போட்டுவிட்டார்கள். 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சிக்கு ஒரு உறை தயாரிப்பு நிறுவனம் அசல் அளவிலேயே ஒரு மாதிரிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது. இரண்டு பக்கமும் மாட்டும் கன்ட்ரோலரான ஜாய்கான் காந்தத்தில் ஒட்டும் என்று அவர்கள் சொன்னபோது நான் நம்பவில்லை, ஆடும்போது கழன்று விழாதா என்று கேட்டேன். ஜனவரி 16-ம் தேதி நின்டெண்டோவின் டிரெய்லர் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

12 ஜிபி, 256 ஜிபி, காந்தம், எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக 7.9 அங்குல எல்சிடி திரை. எல்லாம் சொன்னபடியே வந்தன. இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரு கன்சோல் கடைக்கு வரும் முன்னால் சிப் செய்கிறவன், திரை செய்கிறவன், கப்பலில் ஏற்றுகிறவன், உறை தைக்கிறவன் என்று ஆயிரம் கை மாறுகிறது. அத்தனை பேர் வாயை யார் கட்டுவது? கேம் அப்படி இல்லை. கியோட்டோவில் ஒரு மாடியில் ஒரு குழுவின் கணினிக்குள் உட்கார்ந்திருக்கிறது, வெளியே வர வழி ரொம்பக் குறைவு. அதனால் இனி வதந்தி படிக்கிறவர்கள் உறைக்காரனை நம்புங்கள், "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்று ஆரம்பிக்கிறவரை நம்பாதீர்கள். (2016-ல் முதல் ஸ்விட்சுக்கு என்எக்ஸ் என்று பெயர் இருந்த காலத்தில் முட்டை வடிவத்தில் முழுக்கத் திரையோடு ஒரு கன்ட்ரோலர் படம் சுற்றியது. நானும் "ஆகா" என்று நாலு பேருக்கு அனுப்பினேன். கடைசியில் வீட்டில் செய்த போலி என்று செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.)

சரி, பட்டியலுக்கு வருவோம். 2024 முழுக்க நான் படித்த "உறுதியான" பட்டியல்களில் மாறாமல் இருந்தவை மூன்று. முதல் நாளே 3டி மரியோ. செல்டா சாகசத் தொடரின் பழைய கேம்களான விண்ட் வேக்கர், ட்வைலைட் பிரின்சஸ் இரண்டும் மெருகேற்றி ஒரே பெட்டியில். கன்சோலோடு சேர்ந்தே மெட்ராய்டு பிரைம் 4. இந்த இரண்டு செல்டா வதந்திக்கு வயது ரொம்ப அதிகம். புதுக் கேம்களை அறிவிக்கும் ஆன்லைன் நிகழ்ச்சியான நின்டெண்டோ டைரக்ட் ஒவ்வொன்றுக்கு முன்னாலும் தீபாவளி பட்டாசு மாதிரி கிளம்பும், டைரக்ட் முடிந்ததும் புஸ்ஸென்று போகும்.

2025 ஏப்ரல் 2-ம் தேதி டைரக்டில் வந்தது என்ன? மரியோ கார்ட் வேர்ல்டு. 3டி மரியோவைக் காணோம். முந்தைய 3டி மரியோவான ஆடிசியைச் செய்த குழு டாங்கி காங் பனான்சாவில் இருந்திருக்கிறது, அது ஜூலை 17-ல் வந்தது. 2017-ல் வெறும் எழுத்தாக அறிவித்து, 2019-ல் முதலிலிருந்து மறுபடி தொடங்கிய மெட்ராய்டு பிரைம் 4 ஒருவழியாக 2025 டிசம்பர் 4-ல் வந்து சேர்ந்தது. விண்ட் வேக்கர் முதல் நாளே வந்தது, ஆனால் மெருகும் இல்லை ஒன்றும் இல்லை, ஆன்லைன் சந்தாவில், நின்டெண்டோவின் பழைய கன்சோலான கேம்கியூபின் கேமாகவே வந்தது. எந்த மாமாவும் சொல்லாத ஒன்றும் வந்தது: பிரம்மாண்டமான கடினக் கேம்களுக்குப் பேர்போன ஃபிரம் சாஃப்ட்வேர், டஸ்க்பிளட்ஸ் என்று ஸ்விட்ச் 2-க்கு மட்டுமே ஒரு கேம் செய்கிறது, 2026-ல். அந்த டிரெய்லர் ஓடியபோது வேறு கம்பெனி நிகழ்ச்சியைப் போட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வந்து ரிமோட்டைத் தேடினேன்.

மரியோ கார்ட் வேர்ல்டில் 24 பேர் ஓடுகிறோம். ஜனவரி டிரெய்லரில் தொடக்கக் கோட்டில் இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணி 24 என்று அன்றைக்கே சொன்ன புண்ணியவான்களுக்கு ஒரு கும்பிடு. நாக்அவுட் டூர் என்ற எலிமினேஷன் ஓட்டம்தான் இதில் உயிர். அதை ஆரம்பித்தால் ராத்திரி பதினொன்று ஆவது தெரியாது. திறந்த உலகம் சும்மா சுற்றுவதற்கு அழகு, அதற்குமேல் அதில் செய்ய அவ்வளவு இல்லை என்பது என் எண்ணம். ஆனால் பசு! பழைய ரேஸ்களில் ஓரமாக நின்று புல் மேய்ந்த பசு இதில் வண்டி ஓட்டுகிறது. மாட்டுப் பொங்கல் அன்று அக்கா பையனும் நானும் பசுவைத் தவிர வேறு யாரையும் எடுப்பதில்லை என்று சபதம் போட்டுக்கொண்டு ஆடினோம்.

இருந்தாலும் இந்தப் பெட்டிக்கு முதலில் வாங்க வேண்டிய கேம் பனான்சாதான். சுவர், தரை, மலை, கிட்டத்தட்ட எதை வேண்டுமானாலும் உடைத்துக்கொண்டே போகலாம். பழைய ஸ்விட்ச் இதைத் தாங்கியிருக்காது என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். மெட்ராய்டு பற்றி ஒரே வரி: குகைகளுக்குள் இருக்கும்வரை அற்புதம், நடுவில் பைக்கில் பாலைவனம் சுற்ற விடுகிறார்கள், அது கொட்டாவி.

அப்புறம் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு விஷயம், எனக்கு அதுதான் காசுக்கு நியாயம் செய்தது: பழைய கேம்கள். 2022-ல் வந்தபோது நடக்கவே திணறிய போகிமான் வயலெட் இப்போது இலவச அப்டேட்டில் வினாடிக்கு 60 ஃபிரேமில் ஓடுகிறது. பிரெத் ஆஃப் தி வைல்டு, டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் என்ற இரண்டு ஸ்விட்ச் செல்டாவுக்கும் தலா 10 டாலர் கட்டினால் அதே வழுவழுப்பு. டியர்ஸ் ஆஃப் தி கிங்டத்தில் வானத்திலிருந்து குதித்துக் கீழே வரும்போது முன்பு இருந்த இழுவை இல்லை. ஊகப் பட்டியல்களில் எல்லாரும் புதுக் கேம் பெயராக அடுக்கினோம், அலமாரியில் கிடந்ததை யாரும் நினைக்கவில்லை.

திரை பெரியது, 1080பி, 120 ஹெர்ட்ஸ். வெளிச்சம் நன்றாக இருக்கிறது. ஓலெட் ஸ்விட்சிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் கறுப்பு சாம்பல் பூசின மாதிரி தெரியும், வேகமாக நகரும் காட்சியில் லேசாக ஒரு இழுவல் தெரியும். டிவியில் போட்டால் இந்தக் குறையெல்லாம் காணாமல் போகிறது, 4கே வரை போகிறது. அப்படிப் பார்த்தால் 2021 வதந்தி நாலு வருஷம் தாமதமாகப் பலித்தது என்றும் சொல்லலாம். பேட்டரிக்கு நின்டெண்டோ சொல்லும் கணக்கே 2 மணி முதல் 6.5 மணி வரை. கனமான கேம் என்றால் எழும்பூரில் ஏறினால் விழுப்புரம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் சார்ஜர் குத்தும் இருக்கையாகப் பார்த்து உட்கார வேண்டும். மேல் பக்கமும் ஒரு யுஎஸ்பி-சி துளை வைத்திருக்கிறார்கள். நிறுத்தி வைத்து ஆடிக்கொண்டே சார்ஜ் போடலாம், சின்ன விஷயம், பெரிய நிம்மதி.

ஜாய்கானைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்த்தால் மவுஸ். வித்தை காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். மெட்ராய்டில் குறி பார்க்க உண்மையிலேயே உதவுகிறது. மேசை கூட வேண்டாம், லுங்கி கட்டின தொடையில் உருட்டினாலே நகர்கிறது. ஆனால் ரசிகர்கள் வருஷக்கணக்கில் கெஞ்சிய ஹால் எஃபெக்ட் ஸ்டிக் இல்லை, அதை நின்டெண்டோவே ஒத்துக்கொண்டது. காந்த உணரி வைத்த அந்த ஸ்டிக்கில் உரசித் தேயும் பாகம் இல்லாததால் டிரிஃப்ட், அதாவது தொடாமலே தானாக நகரும் கோளாறு, வர வாய்ப்பு குறைவு. பழைய ஜாய்கான்களின் டிரிஃப்ட் வரலாறு தெரிந்த எவனுக்கும் இது கசக்கத்தான் செய்யும். புது ஜாய்கானில் இருக்கும் சி பட்டனைப் பற்றி எத்தனை ஆராய்ச்சி நடந்தது! கடைசியில் அது நண்பர்களோடு பேசுவதற்கான கேம்சாட் பட்டன். நான் இதுவரை மூன்று தடவை அமுக்கியிருப்பேன், அதில் இரண்டு கை தவறி.

வாங்கப் போகிறவர்கள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பழைய மைக்ரோ எஸ்டி அட்டையில் ஸ்விட்ச் 2 கேம் சேமிக்க முடியாது, மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்று தனி ரகம் வேண்டும், விலையும் அதிகம். ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார், சைஸ் ஒண்ணுதானே" என்று சாதாரண அட்டையைத் தலையில் கட்டப் பார்த்தார். இரண்டாவது, கேம்-கீ கார்டு. பெட்டியைத் திறந்தால் கார்ட்ரிட்ஜ் இருக்கும், உள்ளே கேம் இருக்காது, சாவி மட்டும்தான். முழுசையும் இறக்கிக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 அப்படி. சைபர்பங்க் 2077 அப்படி இல்லாமல் 64 ஜிபி கார்ட்ரிட்ஜில் முழுசாக வந்தது, அதற்காகவே அவர்களைப் பாராட்டலாம். உறையின் முன்பக்கம் போட்டிருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவது நம் ஊர்க்காரர்களுக்கு. இந்தியாவில் நின்டெண்டோ நேரடியாக விற்பதில்லை என்பதால் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும், அல்லது இறக்குமதிக் கடையில் வாங்க வேண்டும். எனக்கு நியூ ஜெர்சியிலிருந்து வந்த நண்பன் மரியோ கார்ட் சேர்ந்த 500 டாலர் பெட்டியைக் கொண்டுவந்தான். 2025-ல் வந்தபோது கன்சோல் மட்டும் 450, மரியோ கார்ட் தனியாக 80 என்பதால் சேர்த்து வாங்கினதுதான் லாபம். 2025-ல் ஜப்பானில் 49,980 யென்னுக்கு வந்ததே, சல்லிசாக இருக்கிறதே என்று அங்கே இருக்கிற ஆளிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த மலிவுப் பெட்டி ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இயங்கும், ஜப்பான் கணக்கை மட்டும்தான் ஏற்கும். எல்லா மொழிக்குமான பெட்டி அங்கேயே அப்போது 69,980 யென்.

இப்போதே வாங்கலாமா? செல்டாவும் போகிமானும் அலமாரியில் வைத்திருக்கிறீர்கள், வீட்டில் 4கே டிவி இருக்கிறது, பனான்சா பிடிக்கும் என்று தோன்றுகிறது என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். ஓலெட் ஸ்விட்சில் கையில் வைத்து மட்டும் ஆடுகிறவர் என்றால் இந்த வருஷம் முழுக்கப் பொறுக்கலாம், டஸ்க்பிளட்ஸ் வரட்டும், 2025-ல் வருகிறேன் என்று சொல்லிவிட்டு 2026-க்குத் தள்ளிப்போன எல்டன் ரிங் வரட்டும்.

3டி மரியோ எப்போது என்று தெரியாமல் என் கையும் அரிக்கிறது. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா பையனிடம், அடுத்த மரியோ பெரிய திறந்த உலகமாகத்தான் இருக்கும், மரியோ கார்ட் அதற்கு ஒத்திகை என்று சும்மா என் ஊகத்தை எடுத்துவிட்டேன். நேற்று பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, வகுப்பில் யாருமே நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்று குறைப்பட்டான். என்னடா சொன்னாய் என்றேன்.

"எங்க மாமா சொன்னாருன்னு சொன்னேன் மாமா."