மரத்தில் விழும் முத்திரை யாருடையது?

தான்சானியாவில் வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றும் முன் அதன் வெட்டுமுகத்தில் ஒரு இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். சுத்தியலின் முனையில் எழுத்துகள் புடைத்திருக்கும். அடி விழுந்த இடத்தில் அவை அப்படியே பதிந்துவிடும். அந்த முத்திரை இல்லாத கட்டை திருட்டு மரம். நெடுங்காலம் அந்தச் சுத்தியல் வனத்துறை கையில் மட்டுமே இருந்தது. இப்போது சில கிராமங்களும் தங்களுக்கென்று சொந்தமாகச் சுத்தியல் வைத்து, அதை முறைப்படி பதிவும் செய்திருக்கின்றன.

அந்த நாட்டில் மக்களும் அரசும் சேர்ந்து காடு காப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. 1998 வனக் கொள்கையும் 2002 வனச் சட்டமும் இரண்டுக்கும் இடம் கொடுத்தன. ஒன்று, கிராம நிலத்தில் உள்ள காட்டை அந்தக் கிராமமே தன் காப்புக்காடாக அறிவித்து நடத்துவது. மற்றது, அரசின் காப்புக்காட்டை அரசும் ஊரும் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்து பார்த்துக்கொள்வது. இதற்குப் பெயர் கூட்டு வன மேலாண்மை. 1990-இலிருந்து இந்தியாவிலும் புழங்கும் பெயர்தான். ‘மக்கள் பங்கேற்பு’ என்ற ஒரே தலைப்பில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒன்றில் ஊர் உரிமையாளர். மற்றதில் ஊர் காவலாள். காடு பிழைக்கிறதா, ஊர் பிழைக்கிறதா என்பதெல்லாம் இந்த இடத்தில்தான் பிரிகிறது.

முதல் வழியின் தாய்வீடு பாபதி மாவட்டத்தில் இருக்கும் துரு-ஹைதெம்பா. சுமார் 9,000 ஹெக்டேர் மியோம்போ காடு (வறண்ட மாதங்களில் இலை உதிர்க்கும் காட்டு வகை), சுற்றிலும் எட்டு கிராமங்கள். 1990-களின் தொடக்கத்தில் அதை அரசுக் காப்புக்காடாக்க எல்லை அளக்கும் வேலை நடந்தது. ‘நாளை இது நமக்கில்லை’ என்று தெரிந்த பிறகு எந்த ஊர் சும்மா இருக்கும்? கிடைத்தவரை வெட்டினார்கள். அரசிடம் இருந்த ஒன்றிரண்டு காவலர்களால் அதைத் தடுக்க முடியவில்லை. கடைசியில் அரசு பின்வாங்கி, பொறுப்பைக் கிராமங்களிடமே கொடுத்தது. 1994 வாக்கில் அந்த ஏற்பாடு நிலைபெற்றது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காட்டில் எது கூடும், எது கூடாது என்று ஒவ்வொரு ஊரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. கரி சுடக் கூடாது. பச்சை மரத்தில் கை வைக்கக் கூடாது. காய்ந்த சுள்ளி பொறுக்கலாம். காவலுக்கு ஊர் இளைஞர்களே போனார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது; ஊர்ப்பொது வேலையிலிருந்து விலக்கும், பிடிபட்டவர் கட்டும் அபராதத்தில் ஒரு பங்கும் கிடைத்தன. எந்த ஓடையோரம் யார் கோடரியோடு நுழைவார் என்பது உள்ளூர்ப் பையனுக்குத் தெரியும். ஜீப்பில் வந்து போகும் காவலருக்கு அது எப்படித் தெரியும்?

இந்த வழியில் சட்டம் கொடுக்கும் பெரிய பிடி பணம். ஊர்க் காப்புக்காட்டில் வரும் வருமானம் முழுவதையும் ஊரே வைத்துக்கொள்ளலாம். மரத்துக்கான ராயல்டியை அரசுக்குக் கட்டத் தேவையில்லை. இதன் பலனைப் பார்க்கத் தெற்கே கில்வா மாவட்டத்துக்குப் போகவேண்டும். அங்கே எம்பிங்கோ என்ற மரம் வளர்கிறது. வெளியே வெளிறிய பட்டைக்கட்டை. உள்ளே கரியைப் போல் கறுத்த வைரக்கட்டை. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் கனம். உலகின் நல்ல கிளாரினெட், ஓபோ ஊதுகருவிகள் இந்த மரத்தில் செய்யப்படுகின்றன. இத்தனை மதிப்பு இருந்தும், காட்டோரத்தில் இருப்பவர்களுக்கு அதில் கிடைத்து வந்தது அற்பக் காசு. 2009-இல் கில்வாவின் கிராமக் காடுகளுக்கு எஃப்.எஸ்.சி. சான்றிதழ் கிடைத்தது; காட்டைக் கெடுக்காமல் மரம் எடுப்பவர்களுக்குத் தரப்படும் உலகளாவிய சான்று அது. ஆப்பிரிக்காவில் மக்கள் நடத்தும் இயற்கைக் காடு ஒன்று அந்தச் சான்றிதழைப் பெற்றது அதுவே முதல் முறை. எந்த மரத்தை, எத்தனை, எந்த ஆண்டு வெட்டுவது என்று திட்டம் போட்டு, வாங்க வருபவரிடம் ஊர்க்குழுவே பேரம் பேசி விற்கிறது. பணம் ஊர்ப் பொதுவேலைகளுக்குப் போகிறது.

இனி கூட்டு மேலாண்மை. இது பெரும்பாலும் கிழக்கு மலைத்தொடரில் நடக்கிறது: உலுகுரு, உட்சுங்வா, உசம்பரா. உலகமெங்கும் ஜன்னலோரத் தொட்டிகளில் பூக்கும் ஆப்பிரிக்க வயலட் செடிக்கு உசம்பரா மலைதான் பிறந்த ஊர். வேறெங்கும் இல்லாத உயிர்கள் நிறைந்தவை, ஆறுகள் பிறப்பவை என்பதால் இந்தக் காடுகளில் மரம் வெட்டத் தடை உண்டு. தடை நியாயமானதுதான். ஆனால் அதன் சுமை யார் தலையில் விழுகிறது? ரோந்து போவது ஊர். தீ பிடித்தால் அணைக்க ஓடுவதும் ஊர். கைக்கு வருவது விறகு, காளான், மூலிகை. வருமானத்தில் ஊருக்கு எத்தனை பங்கு என்று 2002 சட்டம் சொல்லவே இல்லை. அதனால் பல ஊர்களின் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகாமல் ஆண்டுக்கணக்கில் அலுவலகங்களில் கிடந்தன. எழுத்தில் எதுவும் இல்லாமலே அந்த மக்கள் காவல் காத்தார்கள். இதை ‘பங்கேற்பு’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கென்யாவின் 2005 வனச் சட்டமும் ஏறக்குறைய இந்தப் பக்கம் சாய்ந்ததுதான்: ஊரார் சேர்ந்த வனச் சங்கங்களுக்குப் பயன்பாட்டு உரிமை தந்தது, காட்டை அரசிடமே வைத்தது. 2016-இல் அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்தது. காம்பியா எதிர்த்திசையில் போனது. அங்கே ஊர் முதலில் மூன்றாண்டு தற்காலிக ஒப்பந்தத்தில் பொறுப்பைக் காட்டும். பிறகு காடு நிரந்தரமாக ஊரின் கைக்கு வரும்.

அதற்காக ஊர்க் காப்புக்காட்டில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு காட்டுக்குக் காவல் வந்தால் கரிக்காரர் காவலில்லாத பக்கத்துக் காட்டுக்குப் போய்விடுகிறார். மாடுகளோடு வந்து போகும் மேய்ச்சல்காரர்களுக்கு விதி எழுதும் கூட்டத்தில் இடமில்லை. தலைமுறைகளாக வந்த தடம் அவர்களுக்கு ஒரே நாளில் குற்றமாகிவிடுகிறது. விறகுக்குக் கூடுதல் தூரம் நடப்பவர்கள் பெண்கள். எல்லை அளப்பது, மேலாண்மைத் திட்டம் எழுதுவது எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. தொண்டு நிறுவனம் துணைக்கு வராத ஊர் முதல் படியிலேயே நின்றுவிடும். ஊர்க்குழுவே கணக்கை மறைப்பதும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கைக் கிராம சபையில் எழுந்து கேட்க ஊராருக்கு உரிமை இருக்கிறது. அரசுக் காட்டின் கணக்கை அவர்கள் எங்கே போய்க் கேட்பது?

தான்சானியாவின் 4.81 கோடி ஹெக்டேர் காட்டில் 45 விழுக்காட்டுக்கு மேல் கிராம நிலத்தில் இருக்கிறது. அதன் பெரும்பகுதி இன்னும் எந்த ஊரின் காப்புக்காடாகவும் அறிவிக்கப்படவில்லை. அழிவு அங்கேதான் அதிகம். ஆகவே அந்த நிலங்களுக்கு என் தேர்வு முதல் வழியே.

மலைக்காடுகளை அப்படி ஒப்படைக்க முடியாது என்பதையும் ஏற்கிறேன். உலுகுருவில் மழைநீரைப் பிடித்து வைக்கும் காடு குறைந்தால் ரூவு ஆறு கலங்கும். நாட்டின் மிகப் பெரிய நகரமான தார் எஸ் சலாம் குடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீரை. அங்கே மரத்தை விற்கக் கூடாதென்றால் தண்ணீருக்குக் கூலி கொடுக்கவேண்டும். இது நடக்காத காரியமல்ல. 2000-களின் பிற்பகுதியில் உலுகுருவில் ஒரு சோதனைத் திட்டம் நடந்தது. மலைச்சரிவில் மண் அரிக்காமல் பயிர் செய்யும் விவசாயிகளுக்கு, கீழே அந்த ஆற்றுநீரைப் பயன்படுத்தும் நகரக் குடிநீர் நிறுவனம் பணம் கொடுத்தது. வயலில் மண்ணைக் காத்தவருக்குக் கிடைத்த அந்தக் கூலி, மேலே காட்டைக் காக்கும் ஊருக்கும் ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும்.